ஏழு ஆமைகளும் ஒரு கையெழுத்தும்

நாலாவது வீட்டுக்காரி என்னோடு பேசுவதை நிறுத்தியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் வரை, ஆறு வருஷம், நாங்கள் ஒன்றாகத்தான் கம்பெனிக்குப் போனோம், ஒன்றாகத்தான் திரும்பினோம்.

திருப்பூர் நல்லூரில் நான் இருப்பது லைன் வீடு. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஆறு வீடுகள். ஒவ்வொன்றிலும் ஓர் அறை, ஒரு சமையல் தடுப்பு. வரிசையின் கடைசியில் எல்லோருக்கும் பொதுவாகத் தண்ணீர்த் தொட்டி, துவைக்கிற கல், கழிப்பறை. என்னுடையது மூன்றாவது வீடு. என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்தார். ஒரு நாள் டீ நேரத்தில் மெஷின்மேல் தலை சாய்த்தவர் எழுந்திருக்கவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. காரியம் முடிந்ததும் என் அண்ணன், தூத்துக்குடிப் பக்கம் ஊருக்கே வந்துவிடு என்றான். அவன் வீட்டில் போய் நான் என்ன செய்வது? எனக்குச் செக்கிங் வேலை தெரியும். தைத்து வருகிற பனியன்களை மேஜையில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்க வேண்டும். அதையே செய்துகொண்டு இங்கேயே இருந்துவிட்டேன்.

அவளும் அவள் வீட்டுக்காரரும் நாலாவது வீட்டுக்கு வந்தது அதற்கு அடுத்த வருஷம். முதல் நாள் தொட்டியடியில் குடத்தை வைத்துக்கொண்டு, "யக்கா, இது நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?" என்று கேட்டாள். அந்த "யக்கா"வே போதும். "நீ எந்த ஊருட்டி?" என்றேன். எங்கள் ஊரிலிருந்து இரண்டு ஊர் தள்ளி. மகனை அவள் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். நான்தான் அவளை எங்கள் கம்பெனியில் சேர்த்துவிட்டேன். பக்கத்துப் பக்கத்து மேஜை. மத்தியானம் என் டிபன் பாக்ஸை அவள் திறப்பாள், அவளுடையதை நான் திறப்பேன். எனக்குக் காய்ச்சல் என்றால் அவள்தான் கஞ்சி வைப்பாள். திருப்பூரில் இத்தனை லட்சம் பேர் இருக்கிறார்கள். என்னை "யக்கா" என்று கூப்பிடவோ நான் "போடி" என்று சொல்லவோ இருந்தது அவள் ஒருத்திதான்.

ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குக் கஷ்டம். அன்றைக்கு எல்லோருக்கும் குடும்பம் இருக்கும். அவள் வீட்டிலும் அவர் இருப்பார். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாமல் பஸ் பிடித்து ஊருக்கு வடக்கே இருக்கிற பெரிய குளத்துக்குப் போக ஆரம்பித்தேன். பறவைகளுக்காக அரசாங்கம் பாதுகாத்து வைத்திருக்கிற குளம். கரையில் நடக்கலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பறவைகளின் பேர் எனக்கு இன்றைக்கும் பாதி தெரியாது. எனக்குப் பிடித்தது ஆமைகள். கரையோரம் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கல்லில் ஏறி, கழுத்தை நீட்டி வெயில் காயும். காலடிச் சத்தம் கேட்டால் தொபுக்கென்று விழும். நான் அசையாமல் உட்கார்ந்து பழகிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக மறுபடி ஏறி வரும். என்னைக் கண்டு பயப்படாத ஒரு கூட்டம் அங்கே இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

இது நாலாவது வீட்டுக்காரிக்குத் தெரியும். "அக்காவுக்கு ஆமைதான் சொந்தக்காரவ" என்று கம்பெனியில் சொல்லிச் சிரிப்பாள்.

அவள் வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் லோடு ஏற்றுகிறவர். நல்ல மனிதர், குடியில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நான் துவைத்துக்கொண்டிருந்தபோது பைக்கில் ஈரச் சாக்கு ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். தொட்டிக்குப் பின்னால், நீல ட்ரம்மைப் பாதியாக அறுத்து வைத்திருக்கும் இடத்துக்குப் போனார். சாக்குக்குள் என்னவோ ஒன்றன்மேல் ஒன்று உரசுகிற சத்தம் கேட்டது. எனக்கு என்னவென்று புரிந்துவிட்டது. புரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சோப்புப் போட்ட சட்டையையே மறுபடி தேய்த்தேன். தண்ணீரில் ஒவ்வொன்றாக விழுந்த சத்தம் கேட்டது. அவர் பலகையைப் போட்டு மூடிவிட்டுப் போன பிறகுதான் திரும்பினேன்.

மறுநாள் அவளே சொன்னாள். "மூலத்துக்கு மருந்துன்னு கேக்காவக்கா. எங்க வீட்டுக்காரரோட மொதலாளிக்குத் தெரிஞ்சவிய. கறி ரெண்டு வேளை தின்னா கேட்டுருமாம்."

"கேக்குமா?"

"யாருக்குத் தெரியும்? அவிய கேக்காவ, இவிய கொண்டாராவ." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்க குளத்து ஆமை இல்லக்கா. வேற எங்கயோ வாய்க்கால்ல பிடிச்சது" என்றாள். அது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஒருவரும் இல்லாத நேரத்தில் போய்ப் பலகையைத் தூக்கிப் பார்த்தேன். ஏழு. முதுகில் செதில் இல்லாமல் நனைந்த தோல்போல வழவழவென்று இருந்தது. ஒன்றைத் தூக்கினேன். அடிவயிறு பால் நிறம். பயத்தில் கழுத்தையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டது. பின்னங்கால்கள் உள்ளே போனதும் அவற்றின்மேல் தோல் மடல் ஒன்று மெதுவாக மூடிக்கொண்டது, சட்டைப் பைக்கு மூடி போட்டதுபோல. இத்தனை நாள் கல்லில் பார்த்தும் இது எனக்குத் தெரிந்ததில்லை. கையில் சோறு இருந்தது, போட்டேன். எதுவும் தின்னவில்லை. பலகையைப் பழையபடி மூடிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் குளத்துக்குப் போனேன். கரையைப் பார்த்துக்கொள்ளும் காவலர் என்னைத் தெரிந்தவர். பக்கத்தில் வந்து, "ஏனுங்க அக்கா, வாராவாரம் வர்றீங்க. இந்தப் பக்கம் யாராச்சும் வலை கிலை போட்டாங்களுங்களா? ஆமை கொறைஞ்சாப்ல தெரியுதுங்க" என்றார்.

"நான் ஒண்ணும் பாக்கலீங்க" என்றேன். எங்கள் ஊர்ப் பேச்சு பேசுகிறவள், அன்றைக்கு ஏனோ அவர்கள் பேச்சிலேயே பதில் சொன்னேன்.

அதற்கு அடுத்த ஞாயிறுதான் ஜீப் வந்தது.

வனத்துறையில் மூன்று பேர். பெரியவர் வனவர், கூட ஓர் ஆணும் ஒரு பெண்ணும். யாரோ போன் போட்டுச் சொல்லியிருக்க வேண்டும், யாரையும் ஒன்றும் கேட்காமல் நேராகத் தொட்டிக்குப் பின்னால் போய்ப் பலகையைத் தூக்கினார்கள். ஆறு வீட்டுக்காரர்களும் வெளியே வந்து நின்றோம். ஏழில் ஒன்று செத்து மிதந்தது. அந்தப் பெண் காவலர் கையுறை போட்டுக்கொண்டு அதைத் தனியாக எடுத்து ஒரு பையில் வைத்தார்.

"இது யாருதுங்க?" என்றார் வனவர்.

அவள் வீட்டுக்காரரின் முகமே சொல்லிவிட்டது. பைக் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே வலை. அவர் அழுதுவிட்டார். "சார், மருந்துக்குன்னு கேட்டாவ சார். மீனு மாதிரிதான சார் இதுவும்?"

"மீன் இல்லீங்க. இது பால் ஆமை. புலிக்கு எந்தப் பட்டியலோ அதே பட்டியல்ல இருக்குதுங்க இது. புலியைப் பிடிச்சா என்ன சட்டமோ அதேதானுங்க." வனவர் குரலை உயர்த்தவில்லை. "கொறைஞ்சது மூணு வருசமுங்க."

மூன்று வருஷம் என்றதும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

பறிமுதல் செய்ததை எழுதி, பார்த்தவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்கு மகஜர் என்று பேர். முன் வீட்டில் இருக்கிற லைன் வீட்டு ஓனரைக் கூப்பிட்டார்கள். அவர் இந்த ஊர்க்காரர், பரம்பரையாக நெசவுக் குடும்பம், கழுத்தில் எப்போதும் ஒற்றை ருத்ராட்சம். யாரிடமும் அதிர்ந்து பேசாதவர். படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார். இன்னொரு கையெழுத்து வேண்டும். வனவர் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டது. நான் மட்டும் நின்றிருந்தேன். அவளை விட்டுவிட்டு உள்ளே போக மனசு வராமல்தான் நின்றேன்.

"அக்கா, படிக்கத் தெரியுங்களா?"

"பத்தாங்கிளாஸ்."

"எழுதியிருக்கறத நீங்களே படிச்சுப் பாருங்க. உள்ளதா இருந்தா போடுங்க. தப்பா இருந்தா போட வேண்டாமுங்க."

படித்தேன். இடம், நேரம், நீல ட்ரம், உயிருள்ள ஆமை ஆறு, இறந்தது ஒன்று, 'மேற்படி நபர் வைத்திருந்த' என்று ஒரு வரி. தப்பு எதுவும் இல்லை. தலையை நிமிர்த்தினேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. போன வாரம் காவலரிடம் பொய் சொன்னது ஞாபகம் வந்தது. அந்தப் பொய்யைச் சொன்ன நாளில் ஏழும் உயிரோடு இருந்தன. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

அவ்வளவுதான். அவள் வீட்டுக்காரரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவள் என் பக்கம் திரும்பி, "நீங்கதான் போன் போட்டீயளா?" என்று கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன். அவள் கேட்கவில்லை. "ஆமைக்காக என் குடும்பத்தக் கெடுத்துட்டீயல்லா" என்றாள். கேள்வி இல்லை, முடிவு. கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கி உயிருள்ள ஆறையும் குளத்தில் விட்டார்கள். அதற்கும் சாட்சி வேண்டும் என்று என்னைக் கூட்டிப்போனார்கள். ஓனர் தலைவலி என்று வரவில்லை. நெரிசல் இல்லாத ஒரு கரையில் கூடையைச் சாய்த்தார்கள். ஐந்து உடனே தண்ணீருக்குள் போய்விட்டன. ஆறாவது சேற்றிலேயே கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தது. வனவரோடு வந்த ஆண் காவலர் தள்ளப் போனார். வனவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். நாங்கள் நாலு பேரும் அசையாமல் நின்றோம். ரொம்ப நேரத்துக்குப் பிறகு தலை வெளியே வந்தது, அப்புறம் முன்னங்கால், அப்புறம் அது போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது. ஆமைக்காக அழுகிறேன் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். திரும்பிப் போய் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல்தான் அழுதேன்.

அவருக்கு ஜாமீன் கிடைக்க இருபது நாளுக்கு மேல் ஆனது. அந்த இருபது நாளும் அவள் எனக்கு முன்னாலோ பின்னாலோதான் நடந்தாள். மேஜையை மாற்றித் தரச் சொல்லி சூப்பர்வைசரிடம் கேட்டுப் பிசிர் வெட்டுகிற பக்கம் போய்விட்டாள். ஒரு நாள் குழம்பு வைத்து அவள் கதவடியில் வைத்தேன். சாயங்காலம் அந்தப் பாத்திரம் மூடி திறக்காமல் என் கதவடியில் இருந்தது. தொட்டியடிக்கு நான் போனால் மற்ற வீட்டுக்காரிகள் பேச்சை நிறுத்தினார்கள். கம்பெனியில் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் உண்டு. மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர்கள் உட்காரும் இடத்தில் எனக்கு இடம் விடவில்லை. ஒடிசாவிலிருந்து வந்த பெண்கள் உட்காரும் மூலையில் போய் உட்கார்ந்தேன். அவர்களுக்கு என்னைப் பற்றி எதுவும் தெரியாது, எனக்கு அவர்கள் பேச்சு தெரியாது. சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஒரு வருஷம் அப்படியே போயிற்று.

அவர் ஜாமீனில் வந்ததும் திருப்பூரிலேயே ராயபுரத்தில் வேறு வீடு பார்த்துப் போய்விட்டார்கள். சாமான் ஏற்றுகிற நாளில் நான் உதவிக்குப் போகவா வேண்டாமா என்று உள்ளே நின்றுகொண்டே இருந்தேன். வண்டி கிளம்பிய சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே வந்தேன். அவள் வேலையையும் விட்டுவிட்டாள்.

சேதி ஊருக்கும் போய்விட்டது. அண்ணன் போனில், "நம்ம ஆளயே காட்டிக் குடுத்துட்டியாமே" என்றான். நான் சொல்ல ஆரம்பித்ததை முழுசாகக் கேட்கவில்லை. "ஒரு ஆமைக்கு இம்புட்டா?" என்றான். அந்த வருஷம் ஊர்க் கோவில் கொடைக்கு என்னைக் கூப்பிடவில்லை.

சம்மன் வந்தது ஒன்றரை வருஷம் கழித்து. அதை வாங்கிய மறுநாள் ஓனர் என் வாசலுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அம்மிணி, நமக்கு எதுக்குங்க இந்த வம்பு? ஞாவகமில்லீங்கன்னு சொல்லிப்போட்டு வந்துரலாமுங்க. அவனும் பாவமுங்க."

"நீங்க அப்படிச் சொல்லப் போறீங்களா?"

"ஆமாங்க" என்றார். வெட்கப்படவில்லை. அவர் சொன்ன விதத்தில் இரக்கம்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனி வாசலில் அவள் நின்றிருந்தாள். மெலிந்து போயிருந்தாள். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"யக்கா, ஒரே வார்த்த. பாக்கலன்னு மட்டும் சொல்லிருங்க. அவிய உள்ள போயிட்டா மவன் படிப்பு, எல்லாம் போச்சு. உங்க காலப் பிடிக்கேன்."

"என்னத்த பாக்கலன்னு சொல்ல? பலகையத் தூக்கி ஏழையும் எண்ணிப் பாத்தவளாச்சே நான்."

"அந்த ஆமைக்கு மூணு வருசம்னு தெரியுமாக்கா? மனுசனுக்குத்தான தெரியும்?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. வனத்துறைக்காரர்கள் மூலத்துக்குக் கறி கேட்டவரைத் தேடிப் போகவில்லை, லோடு ஏற்றுகிறவரைத்தான் பிடித்தார்கள். அந்த ஆளின் பேரை அவரும் கடைசிவரை சொல்லவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஆமைகளுக்காகப் பேசுவதற்கு ஊரில் வேறு யாரும் இல்லை என்பதும் தெரியும். "உள்ளத சொல்லுதேன். இல்லாதத ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

கோர்ட்டுக்கு நான் அதற்கு முன் போனதில்லை. மூன்று தடவை போய், மூன்று தடவையும் வாய்தா என்று திருப்பி அனுப்பினார்கள். ஒவ்வொரு தடவையும் வராண்டாவில் ஒரே பெஞ்சின் இரண்டு முனையில் அவளும் நானும் உட்கார்ந்திருப்போம். நடுவில் யார் யாரோ வந்து உட்கார்ந்து எழுந்து போவார்கள். நாலாவது தடவை ஓனரைக் கூப்பிட்டார்கள். "கையெழுத்து என்னுதுதானுங்க. ஆனா என்ன ஏதுன்னு நான் பாக்கலீங்க. போடச் சொன்னாங்க, போட்டேனுங்க" என்றார். அவரைப் பிறழ் சாட்சி என்று அறிவித்தார்கள். அவர் எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டு வெளியே போனார்.

அப்புறம் நான். மாஜிஸ்திரேட் என்னைவிட வயசில் ரொம்பச் சின்னவர், பெண். அரசு வக்கீல் கேட்டார், நான் பார்த்ததைச் சொன்னேன். ட்ரம், பலகை, ஏழு. என்ன வகை ஆமை என்று தெரியுமா என்றார்.

"வகை தெரியாதுங்கய்யா. முதுகு தோல் மாதிரி இருக்கும். வயிறு வெள்ளை. பின்னங்கால உள்ள இழுத்துச்சுன்னா மேல ஒரு மடல் மூடிக்கிடும்."

எழுதிக்கொண்டிருந்த மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்தார். "மடலா? எப்படி?"

கையால் செய்து காட்டினேன். ஒரு கணம் அந்த அறையில் எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். அவள் வீட்டுக்காரரும் பார்த்தார். கோர்ட்டுப் பேச்சில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரி என்று பேர். எதிரி, எதிரி என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரை வாங்கி வந்தவர்.

பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். தண்ணீர் பிடிப்பதில் சண்டையா என்றார். இல்லை என்றேன். அது பொது இடம்தானே, ஆறு வீட்டுக்காரர்களும் புழங்குவார்கள்தானே என்றார். ஆமாம் என்றேன்.

"எதிரி அந்த ட்ரம்மில் ஆமைகளை விட்டதை உங்கள் கண்ணால் பார்த்தீர்களா?"

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அப்படியே முன்னால் வந்து நின்றது. ஈரச் சாக்கு, சத்தம், சோப்பு நுரை.

"சாக்கு கொண்டுட்டு வந்தத பாத்தேன்."

"அதைக் கேட்கவில்லை அம்மா. சாக்கிலிருந்து ஆமையை எடுத்து விட்டதைப் பார்த்தீர்களா, இல்லையா?"

"இல்ல."

"ஏன்? அங்கேதானே இருந்தீர்கள்?"

"பாக்கக் கூடாதுன்னு முகத்தத் திருப்பிக்கிட்டேன்."

யாரோ பின்னால் சிரித்தார்கள். வக்கீல், "அவ்வளவுதான்" என்று உட்கார்ந்துவிட்டார். அவளே என்னிடம் ஒத்துக்கொண்டதைச் சொல்லியிருக்கலாம். அதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சொல்லியிருந்தால் அவளையும் கூண்டில் ஏற்றியிருப்பேன்.

இரண்டு மாதம் கழித்துத் தீர்ப்பு. பறிமுதல் நடந்தது உண்மை. ஆனால் பொது இடத்தில் இருந்த ட்ரம். எதிரி வைத்ததை நேரில் பார்த்த சாட்சி இல்லை. வலை மீனுக்கு வைத்திருந்ததாகவும் இருக்கலாம். வனத்துறைக்கு அவர் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் மட்டும் போதாது. சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை. நான் கேட்டுக்கொண்டு பின்னால் நின்றேன். எனக்குள் முதலில் வந்தது நிம்மதி. அப்புறம் அந்த நிம்மதியைப் பார்த்து ஒரு கூச்சம் வந்தது. முகத்தைத் திருப்பாமல் இருந்திருந்தால் அவர் சிறைக்குப் போயிருப்பார். அன்றைக்கே, "அண்ணாச்சி, இதத் திரும்பக் கொண்டுபோய் விட்டுருங்க" என்று சொல்ல வாய் வந்திருந்தால் ஏழும் பிழைத்திருக்கும், வழக்கே வந்திருக்காது. நான் இரண்டையும் செய்யவில்லை.

வனவர் வெளியே வந்து, "உள்ளதத்தானுங்க சொன்னீங்க. அது போதுமுங்க" என்றார். அவர் குரலில் சோர்வு தெரிந்தது. அவள் வராண்டாத் தூணருகே நின்றிருந்தாள். நான் அருகில் போனேன்.

"நீங்க சொன்னதாலதான் விட்டாவன்னு வக்கீல் சொன்னாரு" என்றாள். பிறகு, "நீங்க கையெழுத்தே போடலன்னா இந்த ரெண்டு வருசமே இல்லல்லாக்கா?" என்றாள்.

அவர்கள் ஆட்டோவில் ஏறிப் போனார்கள். அரைநாள் லீவுதான் போட்டிருந்தேன். மத்தியானம் கம்பெனிக்குப் போய் பனியன் பீஸ் பார்த்தேன்.

அந்த வருஷத் தீபாவளிக்குத் திருப்பூர் வழக்கம்போலக் காலியாயிற்று. பெட்டி படுக்கையோடு தெற்கே போகிற பஸ்களில் எல்லோரும் ஏறிப் போனார்கள். எங்கள் லைனில் ஐந்து கதவிலும் பூட்டு. தெருவில் மெஷின் சத்தம் எதுவும் இல்லை. அண்ணன் வா என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காலையில் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது ஓனரம்மா ஒரு தட்டில் முறுக்கும் ஒப்புட்டும் கொண்டுவந்தார். கணியூர்ப் பக்கத்துக்காரர். தட்டைக் கொடுத்துவிட்டுப் போகிறவர், அன்றைக்கு உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார்.

"கண்ணு, ஒண்ணு கேக்கட்டுங்களா? ஏன் நீ யார்கிட்டயும் சொல்லவே இல்லீங்க, போன் பண்ணுனது நானில்லைன்னு?"

நான் அவரையே பார்த்தேன். "நான் இல்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "எங்கூட்டுக்காரர்தானுங்க பண்ணுனது. குளத்துப் போர்டுல நம்பர் இருக்குதுல்லங்க. ஊட்டு ஓனருன்னு நம்ம மேல கேசு வந்துருமோன்னு பயந்துட்டாருங்க. அப்பறம் அந்தப் பொண்ணு அழுவறதப் பாத்து வாயே தொறக்கல. கோர்ட்டுலயும் அதாலதான் அப்படிச் சொன்னாருங்க. உன்னை எல்லாரும் ஒதுக்கறாங்கன்னு அவருக்கும் தெரியுமுங்க. தெனமும் சொல்லிச் சொல்லி நொந்துபோவாருங்க. வந்து சொல்றதுக்குத்தான் தைரியமில்லை."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இந்த இரண்டு வருஷத்தில் இப்போதுதான் ஒருவர் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசுகிறார் என்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. "டீ போடட்டுமா?" என்று கேட்டேன். போட்டேன். இரண்டு பேரும் குடித்தோம். "அவர்கிட்டச் சொல்லுங்க, நான் ஒண்ணும் நினைக்கலன்னு" என்றேன். அது முழு உண்மை இல்லை. ஆனால் அந்த மனுஷர் செய்ததும் சரிதான். போன் செய்ததைச் சொல்கிறேன். ஆமைகளுக்கு அது ஒன்றுதான் உதவியது. அதற்குப் பிறகு செய்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அவர் போன பிறகு போனை எடுத்து நாலாவது வீட்டுக்காரியின் நம்பரைத் தேடினேன். நம்பர் மாறியிருக்கும் என்று நினைத்தேன், மாறவில்லை. மணி போயிற்று. எடுத்தாள்.

"நான்தான்" என்றேன்.

பின்னால் பட்டாசுச் சத்தம், அவள் மகன் யாரையோ கூப்பிடுகிற குரல். ஊருக்குப் போயிருக்கிறாள். யார் போன் செய்தது என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். ஆனால் அந்தப் பேரைச் சொன்னால் ஓனரை ஒரு ஊரே வெறுக்கும். நான் இருக்கிற இடத்தில் அவரைக் கொண்டுவந்து நிறுத்துவதால் எனக்கு என்ன கிடைக்கும்? அவளுக்குக் கையெழுத்துத்தான் வலி. அது என்னுடையதுதான்.

"மவன் நல்லாருக்கானா?" என்று மட்டும் கேட்டேன்.

"நல்லாருக்கான்" என்றாள். "கறி அடுப்புல இருக்குக்கா. பொறவு பேசுதேன்."

போனை வைத்துவிட்டாள். 'அக்கா' என்று சொன்னாள். வாய்ப் பழக்கத்தில் வந்ததாகவும் இருக்கலாம். இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. இன்னும் கூப்பிடவில்லை. நாலாவது வீட்டில் இப்போது பீகாரிலிருந்து வந்த நான்கு பையன்கள் இருக்கிறார்கள். ஓனர் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு, "சாப்பிட்டாச்சுங்களா அம்மிணி?" என்று கேட்கிறார். "ஆச்சுங்க" என்கிறேன்.